கியூபெக்கில் ஒரு பக்கக் கதவு

போன செவ்வாய்க்கிழமை திருநெல்வேலி டவுணுக்குப் போயிருந்தேன். சின்ன வேலைதான் — மகளுக்கு எடுத்த ரவிக்கைத் துணி நிறம் ஒத்துவரவில்லை, மாற்ற வேண்டும். திரும்பும்போது ஆழ்வார்குறிச்சி பஸ்ஸில் நல்ல கூட்டம். எங்கள் தெரு முனை நிறுத்தம் வந்தது. 'ஆள் இறங்கணும்' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் கண்டக்டர் விசில் அடித்திருப்பார்.

கொடுக்கவில்லை.

இந்த நிறுத்தத்தில் இன்னும் யாராவது இறங்குவார்கள், அவர்கள் சொல்லட்டும் என்று நின்றேன். ஒருவரும் இறங்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் யாரோ ஒரு புண்ணியவாட்டி சத்தம் போட, அவர் பின்னாலேயே இறங்கி, உச்சி வெயிலில் துணிப்பையோடு திரும்ப நடந்து வந்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய?" என்று கேட்டாள் என் மனைவி. "ஏறத் தெரியுது, எறங்கணும்னு சொல்லத் தெரியல. ஒங்கள எந்தக் கப்பல்ல வச்சு வேல வாங்குனானுவளோ!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மைல் நடந்ததில் ஒன்றும் இல்லை. இதே கூச்சத்தால் ஒரு மனிதனின் கால் விரல் இரண்டு போயிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம்கூட.

பதினெட்டு வருஷம் நான் கப்பலில் சோறு பொங்கியவன். இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். கப்பலில் சமையல்காரனைப் பண்டாரி என்பார்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. உலகம் சுற்றியவனுக்கு என்னய்யா கூச்சம் என்று கேட்பீர்கள். கப்பல்காரர்கள் உலகம் சுற்றுவார்கள்தான். பண்டாரி சுற்றமாட்டான். அவன் அடுப்புக்கு முன்னால் நிற்பான்... அடுப்புதான் உலகத்தைச் சுற்றும். அடுப்பு நம்மிடம் ஒன்றும் கேட்காது. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

இது ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தக் கப்பலில் நம் பக்கத்து ஆட்கள் மூன்று பேர். நான் ஒருவன். இன்ஜின் ரூமில் சாமுவேல் அண்ணாச்சி — பாளையங்கோட்டைக்காரர், மாதாவை வணங்காத புராட்டஸ்டண்ட் சபை, பத்தாவது வரை படித்தவர், இங்கிலீஷ் பேசுவார், எங்களைவிட மூத்தவர். மூன்றாவது ஆள் மேல்தளத்தில் வேலை பார்த்த புன்னக்காயல்காரன். இன்னாசி என்று வைத்துக்கொள்வோம். அது அவன் பெயர் அல்ல. ஏன் மாற்றினேன் என்பது பின்னால் வரும்.

ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்தில் இருந்தபோது இன்னாசி ஊருக்குப் போன் போட்டான். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் தம்பி மீன்பிடிக்கப் போன வள்ளம் நாலு நாளாகக் கரை திரும்பவில்லையாம். காற்று வேறு பலமாம். மறுநாள் எங்கள் கப்பல் கிளம்பியாக வேண்டும். அவன் என்ன செய்வான்? எங்கே போய்த் தேடுவான்?

கப்பல் கிளம்பிய அன்று சாயங்காலம் என் சமையலறைக்கு வந்தான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பண்டாரி, அந்தக் கத்தியக் கீழ வையும். ஒரு வார்த்த சொல்லணும்."

வைத்தேன்.

"ஒமக்கு முன்னால சொல்லுதேன், நீருதான் சாட்சி. எந் தம்பி உசுரோட இருக்கான்னு சேதி வந்துச்சுன்னா, அடுத்து எந்த ஊர்ல கால் வைக்கேனோ, அந்த ஊர்க் கோயிலுக்கு வெறுங்கால்ல போவேன். போயி மாதா முன்னால ஒரு திரி கொளுத்துவேன். இது நேர்ச்ச."

கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்கு நேர்ச்சை என்றால் விளையாட்டு இல்லை. நம் ஆட்கள் மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்வதுபோலத்தான். சொன்னது சொன்னதுதான். மாற்ற முடியாது.

எனக்கு அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை. அடுத்த துறைமுகம் பிரேசிலில். அங்கே அப்போது வெயில் கொளுத்துகிற மாதம். வெறுங்காலோடு நடந்தால் பாதம் கொஞ்சம் சுடும். அவ்வளவுதானே?

மூன்றாம் நாள் ரேடியோ ஆபீசர் ஒரு தாளோடு ஓடிவந்தார். தம்பி உயிரோடு இருக்கிறான். இன்ஜின் நின்று மிதந்துபோன வள்ளத்தை இலங்கைப் பக்கத்துப் படகு ஒன்று கட்டி இழுத்துக் கரை சேர்த்துவிட்டது. இன்னாசி அந்தத் தாளை நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதான். நான் கப்பல் முழுவதற்கும் கேசரி கிண்டினேன்.

மறுநாள் காலை கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டார். முதலாளியிடமிருந்து புது உத்தரவு. பிரேசில் இல்லை. கனடாவில் கியூபெக் என்கிற ஊர். கோதுமை ஏற்ற வேண்டும்.

அது தை மாதம். கனடாவின் தை மாதம் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எங்களுக்குத் தெரியும்.

சாமுவேல் அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏலே இன்னாசி, நேர்ச்ச வைக்கதுக்கு முன்னால மொதலாளிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

இன்னாசி சிரிக்கவில்லை.

கியூபெக் ஒரு பெரிய ஆற்றின் கரையில் இருக்கிறது. கப்பல் ஆற்றுக்குள் நுழைந்ததுமே சத்தம் தொடங்கிவிட்டது — ஆற்றில் மிதந்து வருகிற ஐஸ் பாளங்கள் கப்பலின் அடியில் மோதுகிற சத்தம். கடப்பாரையால் யாரோ ஓயாமல் இடிப்பதுபோல. மேல்தளத்தில் கம்பியைத் தொட்டால் கையுறை ஒட்டிக்கொண்டது. மூக்குக்குள் இருக்கும் முடிகூட விறைக்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டு அறையில் மூன்று நாள் பஞ்சாயத்து. கப்பல் ஏணியிலிருந்தே வெறுங்காலோடு இறங்கப் போகிறேன் என்று இன்னாசி நின்றான்.

"கிறுக்குப் பயலே! மாதா ஒன்ட்ட பூட்ஸக் கேட்டாளா? மனசத்தானல கேட்டா?" இது சாமுவேல் அண்ணாச்சி.

"நீங்க மாதாவையே கும்பிடாத கூட்டம். ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. கால் கருகிப்போச்சுன்னா வெட்டி எடுப்பானுவ, அது தெரியும். சாக்ஸாவது போட்டுக்கிட்டு நட. அத பூட்ஸுன்னா சொல்லுதான் எவனாவது?"

"சாக்ஸு போட்டா வெறுங்காலாவே அது? மாதாவ ஏமாத்தச் சொல்லுதீரா?"

"சவத்தக் கட்டிக்கிட்டு அழ முடியுமாலே! பண்டாரி, நீயாவது வாயத் தொறந்து ஒண்ணு சொல்லு."

நான் சொன்னேன். அபூர்வமாக. "ஊர்ல கோயிலுக்குப் போனா எங்கன செருப்பக் கழட்டுவ? கோயில் வாசல்லதானே? அதுமாதிரி இங்கனயும் வாசல் வர பூட்ஸோட போவோம். கேட் பக்கத்துல கழட்டிட்டு, அங்கிருந்து உள்ள போயிரு. பத்துப் பதினஞ்சு எட்டு வச்சாப் போதும். நேர்ச்சையும் ஆச்சு, காலும் தப்பிச்சது."

இன்னாசி யோசித்தான். "நீருதான் சாட்சி. நீரு சொன்னா சரி," என்றான்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. அண்ணாச்சி முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

துறைமுகத்தில் மாலுமிகளுக்கு என்று ஒரு விடுதி இருந்தது. அவர்களுடைய வேனில் எங்களை ஊருக்குள் கொண்டுவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் டிரைவர்.

பழைய ஊர் அது. சுற்றிலும் கோட்டைச் சுவர். சுவரின் மேல் பீரங்கிகள், பீரங்கிகளின் மேல் முழ உயரத்துக்குப் பனி. செங்குத்தான தெருக்கள், கல் வீடுகள், கூரையிலிருந்து ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிற ஐஸ். இவ்வளவு அழகான ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்? மூன்று பேரும் சின்னப் பயல்கள்போலக் காலை உதைத்து உதைத்துப் பனியில் நடந்தோம். அண்ணாச்சி ஒரு தடவை வழுக்கி விழுந்தார். "சிரிக்காதியலே, எந்திரிக்க முடியல," என்று படுத்த வாக்கில் அவரே சிரித்தார்.

ஊர் முழுக்க பிரெஞ்சு. கடைப் பலகை பிரெஞ்சு, தெருப் பெயர் பிரெஞ்சு, நாயை அதட்டுவதுகூட பிரெஞ்சு. எனக்கு இங்கிலீஷே தகராறு. நான் அண்ணாச்சியின் நிழலில் நடந்தேன். அவர் கேட்டால் பொறுமையாக இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். நல்ல ஜனங்கள்.

அப்படிக் கேட்டுக் கேட்டு, ஒரு சின்னத் தெருவில் கல்லால் கட்டிய ஒரு கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். மாதா கோயில்தான் — முகப்பில் சிலை இருந்தது, தலையில் பனித்தொப்பியோடு. இரும்பு கேட். கேட்டிலிருந்து பெரிய கதவு வரை பத்துப் பதினைந்து எட்டு. நான் சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

"நான் செலைக்கு முன்னால எல்லாம் வந்து நிக்க மாட்டேன்," என்றார் அண்ணாச்சி. "முக்குல காப்பிக் கட இருக்கு. நீங்க முடிச்சிட்டு வாங்க. இல்லன்னா நானே வாரேன்."

அவர் போனார். இன்னாசி கேட்டைத் திறந்தான். பூட்ஸைக் கழற்றினான். சாக்ஸைக் கழற்றி, மடித்து, பூட்ஸுக்குள் வைத்து என் கையில் கொடுத்தான். நேர்ச்சைக்கென்று கொண்டுவந்திருந்த சிவப்பு மெழுகுதிரியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். பனியில் கால் வைத்தான்.

"யம்மா!" என்று ஒரு சத்தம். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "குளுருதுவே பண்டாரி."

நடந்தான். படியேறினான். கதவைத் தள்ளினான். கதவு திறக்கவில்லை.

இழுத்தான். தட்டினான். திறக்கவில்லை.

அவன் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் நேர்ச்சை என்பது திரி கொளுத்தினால்தான் முடியும். பாதியில் பூட்ஸைப் போட்டால் முறிந்துபோகும். படியின் மேலேயே முழங்காலிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டான்.

"லே, வந்திரு! அண்ணாச்சி வரட்டும், கேட்டுட்டு வருவோம்," என்றேன் கேட்டிலிருந்து.

"தொறக்கும்வே. மாதா பாத்துக்கிட்டுல்லா இருக்கா. தொறக்கும்."

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் அகலத் தகடு வைத்த சவளால் பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இன்னாசியைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார். சவளைப் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். படபடவென்று பேசினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

அவருக்கும் அது தெரிந்துவிட்டது. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். இன்னாசியின் காலைக் காட்டினார். பிறகு கோயிலின் பக்கச் சுவரைக் காட்டினார். அங்கே பனி வெட்டி ஒதுக்கிய ஒற்றையடிப் பாதை ஒன்று போனது. அதன் முடிவில் ஒரு சின்னக் கதவு. இரண்டு கைகளாலும் எதையோ தள்ளுவதுபோலச் செய்து காட்டினார் — தள்ளு, திறக்கும்.

பனிக்காலத்தில் அங்கே பெரிய கதவைத் திறக்கமாட்டார்களாம். எல்லோரும் பக்கக் கதவால்தான் போவார்களாம். இது பிற்பாடு தெரிந்தது.

ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை: அப்போதே எனக்குப் புரிந்தது. பேச்சு புரியவில்லை. கை புரிந்தது. பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

நான் என்ன செய்தேன்? "எஸ், எஸ்" என்றேன். தலையாட்டினேன். சிரித்தேன். இவனுக்குப் புரிந்துவிட்டது என்று நம்பி அந்த அம்மா வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். ஒரு கையில் இடது பூட்ஸ். ஒரு கையில் வலது பூட்ஸ்.

பக்கக் கதவு முப்பது எட்டுத் தூரம் இருக்கும். போய்த் தள்ள வேண்டும். தள்ளினால் உள்ளே யாராவது இருப்பார்கள். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நான் முழிப்பேன். திருடன் என்று நினைத்துவிட்டால்? தப்பான கதவாக இருந்து, யாராவது சாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? வேண்டாம்... அண்ணாச்சி இதோ வந்துவிடுவார். அவர் வந்து பேசட்டும்.

சரி, போக வேண்டாம். இன்னாசியிடம் 'லே, அங்கன ஒரு கதவு இருக்கு' என்று சொல்லியிருக்கலாமே? ஆறு சொல்கூட இல்லை. ஏன் சொல்லவில்லை?

சொன்னால் அவன், 'நீரு போயி தொறந்து பாரும், தொறந்திருந்தா கூப்பிடும்' என்பான். அதனால் சொல்லவில்லை.

கூச்ச சுபாவம் இல்லாதவர்களுக்கு இது விளங்காது. இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் எங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்? 'பாவம், அடக்கமான மனுசன், ஒரு வார்த்த அதிகமாப் பேச மாட்டாரு.' அடக்கமாவது ஒன்றாவது! அந்த இருபது நிமிஷமும் நான் என் முகத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யார் எப்படிப் பார்ப்பார்கள், நான் எப்படி முழிப்பேன்... கண்ணுக்கு முன்னால் அவன் கால் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யோசிக்கவில்லை. உலகத்தில் எங்களைப்போலத் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆமாம், இருபது நிமிஷம். கொஞ்சம் கூடவும் இருக்கலாம். காப்பிக் கடையில் அண்ணாச்சிக்கு மதுரைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரர் அகப்பட்டுவிட்டாராம். பேச்சு சுவாரசியம்.

எதிர்வீட்டுக் கதவு மறுபடி திறந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். படியில் இன்னாசி அதே இடத்தில். கேட்டில் நான் அதே இடத்தில். அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கோட்டுகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினார். பக்கக் கதவைத் தள்ளினார். திறந்தது. உள்ளே போனார். பிறகு பெரிய கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விலகுகிற சத்தம். கதவு அகலத் திறந்தது.

பக்கக் கதவு வழியாக அவர் ஓடியதை இன்னாசி பார்க்கவில்லை. கண்ணை மூடி செபம் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்தபோது அவனுக்கு முன்னால் கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்குகள். நடுவில் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு.

அவன் என்ன நினைத்திருப்பான்?

எழுந்தான், விழுந்தான், எழுந்தான். மாதா முன்னால் போய்த் திரி கொளுத்தினான். கொளுத்தும்போது அந்த அம்மாதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பூட்ஸோடு நான் பின்னால் போனேன். இன்னாசி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தீராவே? நான் சொன்னம்லா? கால் இப்ப வலிக்கவே இல்ல."

வலிக்காததுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அவன் விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு போனைத் தேடி ஓடினார். அண்ணாச்சி வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸும் வந்துவிட்டது.

"நீ என்னலே செஞ்சுக்கிட்டு இருந்த, மூதி?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்தார் அண்ணாச்சி.

"கதவு பூட்டியிருந்துச்சு அண்ணாச்சி."

பொய்யில்லையே. பூட்டித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கப்பல் கிளம்பியது, இன்னாசி இல்லாமல். அவன் மாதக்கணக்கில் அந்த ஊரில் கிடந்தான். வலது காலில் சுண்டுவிரலையும் அதற்கடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். அந்த எதிர்வீட்டு அம்மா அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தாராம். பிறகு விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். மறுபடி கப்பலேறப் போனபோது டாக்டர் சோதனையில் தள்ளுபடி. ஆடுகிற கப்பலில் நிற்க முழுப் பாதம் வேண்டும். முப்பத்திநாலு வயது அவனுக்கு.

இப்போது புன்னக்காயலில் மீன் ஏலம் கூறுகிறான். நல்ல குரல். கொஞ்சம் சாய்ந்து நடப்பான். கடல் பக்கம் வேலையென்று ஒன்று இருக்கிறதே, அது போதும் என்பான்.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு நாளும் மூஞ்சியைத் தொங்கப் போட்டதில்லை. திருவிழா சமயத்தில் நான் அவன் வீட்டுக்குப் போவதுண்டு. யாராவது புது ஆள் வந்திருந்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். "பூட்டின கதவு. சாவி கெடையாது, ஆள் கெடையாது. அம்பது மணி செபமால முடிஞ்சுது, பைய கண்ணத் தொறக்கேன், கதவு தானா தொறந்து கெடக்கு. இந்தா, சாட்சி இருக்காரு, பண்டாரிகிட்ட கேளுங்க." நான் தலையாட்டுவேன். காலை நீட்டிக் காட்டுவான். "ரெண்டு வெரலு குடுத்தேன், ஒரு தம்பிய வாங்குனேன். கசக்குதாவே யாவாரம்?" எல்லோரும் சிரிப்பார்கள். அந்தத் தம்பிக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

செவ்வாய்க்கிழமை பஸ் விவகாரத்துக்குப் பிறகு என் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். பத்தியில் எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவுகளுக்குத் தெரியாம ஊருக்குச் சொல்லுவியளா? மொதல்ல போயி அவுகட்ட சொல்லுங்க. ஒங்களுக்கும் பாரம் எறங்கும்."

நியாயம்தானே? வெள்ளிக்கிழமை புன்னக்காயலுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் நானாக ஒன்றைப் பேசப் போகிறேன் என்று ஒரு தைரியம்கூட வந்திருந்தது.

ஏலம் முடிந்திருந்தது. ஆறு கடலில் சேருகிற இடத்தில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். சொன்னேன். பெண் வந்தது, கையைக் காட்டியது, நான் தலையாட்டியது, பூட்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவர் பக்கக் கதவு வழியாக ஓடிப்போய்த் திறந்தது... ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவன் முதலில் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்தப் பக்கக் கதவு மொதல்லயே தொறந்துதான் இருந்துச்சா?"

"ம்."

"ஒமக்கு அது தெரியும்?"

"தெரியும். மன்னிச்சிருலே."

மணலில் காலை இழுத்து மடக்கி, அந்தப் பாதத்தைக் கையால் மூடிக்கொண்டான். எத்தனையோ பேருக்கு நீட்டிக் காட்டிய பாதம்.

"ஏன்வே இத இப்ப வந்து சொல்லுதீரு?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "மாதாவுக்குக் குடுத்தேம்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கடசில ஒம்ம கூச்சத்துக்கா குடுத்திருக்கேன்?"

பக்கத்திலேயே இருந்த வீட்டு வாசலிலிருந்து அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். "நீரு போயி சாப்பிடும், நான் பைய வாரேன்," என்றான். போனேன். இலை போட்டு, மீன் குழம்பு ஊற்றி, அவர் உபசரித்தார். 'அவுகள எங்க காணும், ஒங்கள வுட்டுட்டு சாப்பிட மாட்டாகளே' என்று இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். அவன் வரவில்லை.

கிளம்பும்போது பார்த்தேன். வள்ளத்தின் அந்தப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும். எம் பேரப் போடாதேயும்," என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

என் பாரம் இறங்கிவிட்டதா என்று மனைவி கேட்டாள். இறங்கித்தான் இருக்கிறது. எங்கே இறக்கி வைத்துவிட்டு வந்தேன் என்பதுதான் விஷயம்.

வரும் திருவிழாவுக்கும் போவேன்... அந்தக் கதையை அவன் இனிச் சொல்லமாட்டான்.